ஒரு டிகிரிப் பொய்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். புனே ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ரத்னகிரிப் பக்கத்திலிருந்து வரும் சிவப்பு எஸ்.டி. பஸ், மூக்கு வரை செம்மண் அப்பிக்கொண்டு வந்து நின்றது. 'லால் டப்பா', சிவப்பு டப்பா, என்போம் அந்த வண்டியை.

என் மனைவி எஸ்தர் இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைத்தபடியே பின்னால் திரும்பி என்னவோ சொல்லிச் சிரித்தாள். வாய்விட்ட சிரிப்பு. முகம் வெயிலில் கறுத்திருந்தது. சேலைக் கரை உப்புப் பூத்து விறைத்திருந்தது. அவளுக்குப் பின்னால், ஒரு கையில் அவளுடைய வாளியும் மறு கையில் சிப்பி எண்ணும் இரும்புச் சட்டமுமாக, அவள் கல்லூரியில் வேலை பார்க்கும் சாவந்த் இறங்கினான்.

என்னைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிடவில்லை. அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் குறைந்தது.

"வந்து ரொம்ப நேரமாச்சா அத்தான்?" என்றாள்.

அளவு பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரிந்தது.

இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் அப்பாவின் தேஹு ரோடு நாட்களையும், நாங்கள் நிக்டிப் புறநகரில் குடியேறிய கதையையும் எழுதியபோது என்னை ஓரளவு நல்லவனாகவே காட்டிக்கொண்டுவிட்டேன். இந்த வாரம் அதற்கு வழியில்லை. இதை எழுதலாமா என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"உள்ளத எழுதுங்க. கூட்டிக் கொறைக்காம எழுதுங்க" என்றாள்.

அந்தக் 'கூட்டிக் கொறைக்காம'வை அவள் தெரிந்தேதான் சொன்னாள்.

காற்றில் உப்பு இல்லாத ஊர்

நான் புனேயில் பிறந்தவன். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்து தேஹு ரோடு ராணுவ டிப்போவில் குமாஸ்தா ஆனவர். எனக்குத் தமிழ் வீட்டில், இந்தி தெருவில், மராத்தி வேலையில். சிஞ்ச்வட் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கருவிகளைச் சோதிக்கும் அறையில் இருந்தேன். தெர்மாமீட்டரோ பிரஷர் மீட்டரோ எது வந்தாலும், சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சீட்டு எழுதித் தரவேண்டும். ஏ.சி. போட்ட அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். நான் கையெழுத்துப் போட்ட சீட்டை யாரும் இரண்டாம் முறை சோதித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எஸ்தர் தூத்துக்குடிக்காரி. விலங்கியல் படித்தவள். கல்யாணமாகி வந்ததும் புனே கேம்ப் பகுதியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. முதல் வருடம் முழுக்க மொட்டை மாடிக்குப் போய் நின்று மூச்சை இழுத்து இழுத்து விடுவாள்.

"என்ன, எதாச்சும் வாசம் வருதா?"

"காத்துல உப்பே இல்ல அத்தான்."

சிரித்தேன். காற்றுக்கு எதற்கு உப்பு?

பிறகு அவள் பி.எச்டி.க்குப் பதிவு செய்தாள். எடுத்துக்கொண்டது பாறைச் சிப்பி. தண்ணீர் ஏறும்போது வாய் திறந்து, வற்றும்போது இறுக மூடிக்கொண்டு, நாளில் பாதி நீரிலும் பாதி வெயிலிலுமாகக் காலம் தள்ளுகிற பிராணி. கொங்கணக் கரையில் 'காலவ்' என்பார்கள். அங்கத்துப் பெண்கள் சிறு இரும்புக் கொத்தியால் மேலோட்டைத் தட்டிப் பெயர்த்து, உள்ளே இருக்கும் சதையை வழித்துக் கிண்ணத்தில் சேர்ப்பார்கள். வீட்டுக் குழம்புக்கும் அதுதான், சந்தைக்கும் அதுதான்.

அவள் துறையின் அலமாரியில் ஒரு பழைய நோட்டு கிடந்தது. எப்போதோ இருந்த ஒரு பேராசிரியர், ஒரு கிராமத்துப் பாறைகளில் சிப்பிகள் எந்த உயரம் வரை ஒட்டியிருக்கின்றன என்று உளியால் கோடு வெட்டி, கரைத் தண்ணீரின் சூட்டையும் மாதாமாதம் குறித்து வைத்திருந்தார். எஸ்தர் அதே பாறைக்குப் போனாள். கோட்டிலிருந்து ஒரு சாண் கீழேதான் இப்போது உயிருள்ள சிப்பிகள் தொடங்கின. தண்ணீர், நோட்டில் இருந்ததைவிட ஒரு டிகிரியும் சொச்சமும் கூடுதலாகக் காட்டியது.

கடல் சூடாகிறது என்று இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றைக்கு அப்படி யாராவது சொன்னால், வெயிலில் அதிகம் நின்றுவிட்டாயா என்பார்கள்.

சாப்பாட்டு மேசையில் ஒரு எண்ணிக்கை

சாவந்த் அந்தக் கிராமத்துக்காரன். எஸ்தரின் கல்லூரியிலேயே செய்முறை வகுப்பு டெமான்ஸ்ட்ரேட்டர். அவளைவிட இரண்டு வயது இளையவன், கல்யாணமாகாதவன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் நன்றாக உள்வாங்கும். அந்த வார இறுதிகளில் இருவரும் பஸ் ஏறிப் போவார்கள். தங்குவது சாவந்தின் அம்மா வீட்டில். விடியும் முன்பே எழுந்து பாறைக்குப் போய், சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் சிப்பிகளை எண்ணி, தண்ணீரின் சூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார்கள்.

அவளைத் 'தாயி' என்று கூப்பிடுவான். மராத்தியில் அக்கா. என்னைப் 'பாவ்ஜி' என்பான், அக்கா புருஷன். அக்கா என்று கூப்பிடுகிறானே, அப்புறம் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிடமே, அக்கா என்று கூப்பிடாதவனிடம் அல்லவா ஒரு பெண் ஜாக்கிரதையாக இருப்பாள் என்றும் தோன்றும்.

திரும்பி வந்த நாட்களில் சாப்பிடும்போது அவள் 'சாவந்த்' என்று எத்தனை தடவை சொல்கிறாள் என்று எண்ணுவேன். ஒருநாள் பதினொன்று வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் யார் உட்கார்ந்தது என்று கேட்பேன். சும்மா கேட்பதுபோலக் கேட்பேன். அவளும் சும்மா பதில் சொல்வாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

ஒரு போட்டோ வந்தது. முழங்கால் தண்ணீரில் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு சிப்பியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள். அதைப் பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தாள்.

எடுத்தவன் சாவந்த். அப்படியென்றால் அந்தச் சிரிப்பு அவனைப் பார்த்து. தினமும் ஷேவ் செய்யும்போது அதற்கு எதிரேதான் நின்றேன்.

பனிக்கட்டிக் கிண்ணம்

இரண்டு வருட அளவுகள் சேர்ந்தபின், அவளுக்கு வழிகாட்டியாக இருந்த துறைத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். தெர்மாமீட்டரே தப்பாக இருந்தால்?

எஸ்தர் அதைக் கைத்துண்டில் சுற்றி எடுத்து வந்தாள்.

"அத்தான், ஒங்க ரூம்ல வச்சு ஒருக்கா பாத்துத் தாங்க. வேற யார்ட்டயும் குடுக்க எனக்கு மனசு வரல."

"ரெண்டு நாள் ஆவும்."

"ஆவட்டும். சூடு நெசந்தான்னு ஆயிட்டுன்னா, இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பணம் எழுதிக் கேக்கலாம்னு சாரு சொல்லுதாரு. கோடை லீவுல ஒரு மாசம் சேர்ந்தாப்புல அங்கனயே தங்கிப் பாக்கலாமாம்."

"ஒரு மாசமா?"

"ஆமா. நானும் சாவந்தும்" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

மறுநாள் நொறுக்கிய பனிக்கட்டியில் அதைச் செருகி வைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுழியத்தில் அசையாமல் நின்றது. வெந்நீர்த் தொட்டியில் எங்கள் தரமான தெர்மாமீட்டரோடு சேர்த்து நிறுத்தினேன். இரண்டும் ஒரே பாட்டைப் பாடின. எங்கள் அறையில் இருந்த சிலவற்றைவிட அது யோக்கியமான கருவி.

சீட்டை எடுத்தேன். பேனா மூடியைக் கழற்றினேன். அப்போதுகூடச் சரியாகத்தான் எழுதப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

'ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எந்த எண் அவளை வீட்டில் உட்காரவைக்கும் என்று எனக்குத் தெரியும். கடல் ஒரு டிகிரி கூடியிருக்கிறது என்று அவள்தான் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தாளே.

"கண்ணாடி பழசானா அடிக்குமிழ் கொஞ்சம் சுருங்கும். பாதரசம் ஏறி நிக்கும். சகஜம்தான்" என்றேன். அது உண்மைதான். பொய்க்குப் போட்டுக்கொள்ள எங்கள் தொழிலிலேயே நல்ல சட்டை இருந்தது.

எஸ்தர் சீட்டை இரண்டு தடவை படித்தாள். "ரெண்டு வருசமாவே இப்பிடித்தான் இருந்திருக்குமோ?"

"இருந்திருக்கும்."

வேறொன்றும் கேட்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நோட்டுகளை எடுத்து வந்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரியிலும் ஒன்றைக் கழிக்க ஆரம்பித்தாள். நான் பேப்பர் படித்தேன். பேனா கீறுகிற சத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டது. முடித்துவிட்டு, "கடலுக்குச் சூடில்ல அத்தான். எனக்குத்தான்" என்று சொல்லி எழுந்து போனாள்.

வீட்டில் இருந்த ஞாயிறுகள்

கேட்டது கிடைத்தது. எஸ்தர் கிராமத்துக்குப் போவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேம்ப்பில் தமிழ் ஆராதனைக்குப் போனோம். பிறகு கடைத்தெருவில் நடந்தோம். கரும்புச்சாறு குடித்தோம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதற்கும் முகம் சுளிக்கவில்லை, எதற்கும் சிரிக்கவும் இல்லை.

சாவந்தின் பெயரை அவள் சொல்வதே நின்றுபோயிற்று. எனக்கு அதுவும் நிம்மதியாக இல்லை. சொல்லும்போது பதினொன்று என்றாவது எண்ண முடிந்தது. இப்போது மனசுக்குள் எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறாளோ?

இதற்குள் வேறொன்று நடந்தது. சூடு காரணமில்லை என்றால் சிப்பிகள் ஏன் குறைந்தன? பெண்கள் அளவுக்கு மீறிக் கொத்தி எடுப்பதால்தான் என்று துறைத் தலைவர் முடிவு கட்டினார். அந்தப் பாறைகளில் கொத்தக் கூடாது என்று தடுக்கச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு ஒரு கடிதமும் போட்டார். எஸ்தர் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். "வேறு காரணம் உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்டாராம். அவளிடம் இல்லை. என்னிடம் இருந்தது.

எங்கேயோ ஒரு கிராமம், யாரோ பெண்கள் என்று இருந்துவிட்டேன்.

சாக்கில் வந்த வாடை

ஏப்ரல் கடைசி. அந்த வருடம் வெயில் மோசம். ஒரு மத்தியானம் சாவந்த் நிக்டி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு சிறு சாக்கு. அவனுக்கு முன்னால் அதன் வாடை வீட்டுக்குள் வந்தது.

"மன்னிக்கணும் பாவ்ஜி" என்று சொல்லிவிட்டு, பழைய செய்தித்தாளை விரித்துச் சாக்கைக் கவிழ்த்தான். கல்லோடு பெயர்த்தெடுத்த சிப்பிகள். எல்லாம் வாய் பிளந்து கிடந்தன.

"தாயி, கொத்தி எடுத்ததுன்னா மேலோடு இருக்காது. இதுல பாருங்க, ரெண்டு ஓடும் இருக்கு. ஒட்டின இடத்துலயே செத்திருக்கு" என்றான், அவர்கள் வழக்கமாகப் பேசும் மராத்தியில்.

எஸ்தர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "எந்தப் பாறை?"

"முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம். படகு இல்லாம யாரும் போக முடியாது. அங்க எந்தப் பொம்பளையும் கொத்தினதே கிடையாது."

"தண்ணி எப்பிடி இருக்கு?"

"குளிக்கிறதுக்கு விளாவி வச்ச மாதிரி இருக்குன்னு எங்கம்மா சொல்றா. ஆனா நம்ம நோட்டுல சூடே இல்லையே தாயி?"

அவள் நிமிர்ந்தாள். அத்தனை மாதங்களாக என்னால் கொண்டுவர முடியாத வெளிச்சம் அந்த முகத்தில் வந்திருந்தது. சினிமாவுக்கும் கரும்புச்சாறுக்கும் வராதது, நாறுகிற ஒரு சாக்குக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவன் அவன்.

"இந்த அமாவாசைக்குப் போணும். நீங்களும் வாரியளா அத்தான்?"

"வர்றேன்" என்றேன். உதவி செய்யப் போகவில்லை. காவலுக்குப் போனேன்.

கழிக்காதே

சாவந்தின் அம்மா காஷிபாய் ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண்மணி. கரையில் அவளும் இன்னும் நாலைந்து பெண்களும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து, பாறையில் கொத்தியை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனானாம். எஸ்தரை அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெல்லம் போட்ட டீ கொடுத்தார்கள்.

எனக்கு டம்ளரை நீட்டும்போது காஷிபாய் கேட்டாள்: "சூடு பாக்கற மெஷினைச் சோதிக்கிறது நீங்கதானே? ஒரு நூல்கூடத் தப்பாதவர்னு என் மகன் சொல்வான்."

டம்ளரை வாங்கிப் பக்கத்துக் கல்மேல் வைத்தேன்.

விடிந்துகொண்டிருந்தது. கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. எஸ்தரின் பின்னால் வழுக்கி வழுக்கிப் பாறைமேல் போனேன். பழைய பேராசிரியரின் உளிக்கோட்டைக் காட்டினாள். அதன் அருகே வெறும் சுண்ணாம்புத் தழும்புகள். அதற்குக் கீழே, பிளந்த வாய்கள். இன்னும் கீழே, தண்ணீருக்குப் பக்கத்தில்தான், மூடிய வாய்கள். சாவந்த் கொஞ்சம் தள்ளிச் சட்டத்தை வைத்துக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

எஸ்தர் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு கண் மட்டத்துக்குக் குனிந்து வாசித்தாள். "முப்பத்தொண்ணரை. ஒண்ணு கழிச்சா..."

"கழிக்காதே" என்றேன்.

"என்னது?"

"கழிக்காதே எஸ்தர். அது சரியாத்தான் காட்டுது. எப்பவும் சரியாத்தான் காட்டுச்சு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தாள். தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றி வந்து போயிற்று.

"எதுக்கு?"

"நீ ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்கணும்னு."

அவள் கண் சாவந்த் பக்கம் போய்த் திரும்பியது. "அவன நெனச்சா?"

"அவனை மட்டும் இல்ல."

"பெறவு?"

"இங்க வந்தா நீ ஒரு மாதிரி சிரிக்கிற. வீட்ல சிரிக்கறதில்ல."

தெர்மாமீட்டரைத் துடைத்துக் கைத்துண்டில் சுற்றினாள். அடித்திருந்தால் தேவலை. பிறகு, "கரையில அந்தப் பொம்பளையள பாத்தியளா?" என்றாள். "தண்ணி ஏறுததுக்குள்ள எண்ணி முடிக்கணும். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். அவள் சாவந்திடம் போய் என்னவோ சொன்னாள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான். இருவரும் எண்ணிக்கொண்டே போனார்கள். தண்ணீர் பாறையைத் தொடும்வரை ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாவது சீட்டு

திரும்பும் பஸ்ஸில் எஸ்தர் ஒன்றே ஒன்று சொன்னாள். "நீங்களே எழுதிக் குடுக்கணும். ஒங்க பேரு போட்டு."

எழுதினேன். துறைத் தலைவர் முன்னால் நின்று நானே கொடுத்தேன். தெர்மாமீட்டர் சரியானது, முன்பு கொடுத்த சீட்டு பொய், எழுதியவன் நான் என்று. அவர் அதைப் படித்தார். கோபப்படவில்லை.

"முதல் சீட்டும் உங்கள் கையெழுத்து. இதுவும் உங்கள் கையெழுத்து. எதை நம்புவது?" என்றார் ஆங்கிலத்தில்.

கருவியை வேறு ஊருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். சரியென்று வந்தது. இருந்தாலும் புருஷன் கைபட்டுக் கறைபட்ட அந்த இரண்டு வருட அளவுகளை ஏற்றுக்கொள்ள முடியாது, முதலிலிருந்து எடு என்று சொல்லிவிட்டார். எஸ்தர் வாதாடவில்லை. தாலுகா ஆபீசுக்குப் போட்ட கடிதத்தைத் திரும்பப் பெறச் சொல்லி மட்டும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். அது நடந்தது. பெண்கள் மறுபடி பாறைக்குப் போனார்கள். எடுப்பதற்கு அங்கே அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

வீட்டில் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் "தேங்கா வாங்கிட்டு வாங்க" என்றாள். அந்தத் தேங்காயைப் போல எதையும் நான் அத்தனை பிரியமாகச் சுமந்ததில்லை.

சாவந்த் பிறகும் வீட்டுக்கு வந்தான். ஆனால் 'பாவ்ஜி' என்ற வார்த்தை போய்விட்டது. 'சாஹேப்' என்றான். மரியாதையான வார்த்தைதான்.

நன்றிப் பக்கம்

இன்னும் மூன்று வருடங்கள் அவர்கள் அந்தப் பாறைக்குப் போனார்கள். சாவந்துக்குக் கல்யாணமாயிற்று. என் பொறாமை அதனால் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. அவள் போகிற வெள்ளிக்கிழமைதோறும் ஸ்வார்கேட்டில் கொண்டுபோய் விட்டேன். திரும்புகிற ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க் காத்திருந்தேன். படியிறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல், வாளியை வாங்குகிற சாக்கில் குனிந்துகொள்ளப் பழகினேன். தெர்மாமீட்டரை அவள் என் கையில் பிறகு கொடுக்கவே இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஆய்வேடு பைண்டு செய்யப்பட்டு வீட்டுக்கு வந்தது. நீலத் துணி அட்டை, தங்க எழுத்து. நன்றி சொல்லும் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தேன். சாவந்தின் பெயர் முதலில். அடுத்து காஷிபாய். பிறகு கொத்தி பிடித்த பெண்களின் பெயர்கள், ஒன்று விடாமல். துறைத் தலைவர். கல்லூரி நூலகர்.

மூன்று தடவை படித்தேன்.

"ஒங்க பேரத் தேடுதியளோ?" என்றாள் எஸ்தர்.

"சும்மா பாத்தேன்."

புத்தகத்தை வாங்கி, உள்ளே ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். எப்படி அளந்தோம் என்று சொல்லும் அத்தியாயம். விரலை ஒரு வரியின் கீழ் வைத்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'முதல் இரண்டு வருடங்களின் வெப்ப அளவுகள், கருவி குறித்துத் தரப்பட்ட தவறான சான்றின் காரணமாக, இதில் சேர்க்கப்படவில்லை.'

"ஒங்க எடம் இதான் அத்தான். பேரு போடல. போட்டிருக்கணுமா?"

"வேண்டாம்" என்றேன்.

அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். நான் நன்றிப் பக்கத்தை இன்னொரு தடவை புரட்டினேன். சாவந்தின் பெயர் அங்கேயே, முதலில், இருந்தது.